இசைச் சிகிச்சை: பொருளும் பயனும்

பக்கவாதத்தால் வலக் கையும் வலக் காலும் செயலிழந்து, பேச்சும் நின்றுபோன ஒருவரை எண்ணிப் பார்ப்போம். தம் பெயரைக் கேட்டால் அவரால் சொல்ல இயலாது. தண்ணீர் வேண்டும் என்று கேட்கவும் இயலாது. பிறர் பேசுவது பெரும்பாலும் விளங்குகிறது; சொல்ல வேண்டியதும் உள்ளத்தில் இருக்கிறது; சொல் மட்டும் நாவிற்கு வருவதில்லை. அத்தகையவரின் அருகில் அமர்ந்து, அவர் இளமை முதல் அறிந்த பாடல் ஒன்றைத் தொடங்கிவைத்தால், பல வேளைகளில் அடுத்த அடியைச் சொற்கள் சிதையாமல் அவரே பாடிவிடுகிறார். உடனிருக்கும் உறவினர் இதை அற்புதம் என்றே கொள்வர். மருத்துவ உலகிற்கு இது புதிதன்று. 18ஆம் நூற்றாண்டின் முற்பாதியிலேயே சுவீடன் நாட்டில் ஓலோஃப் தலீன் என்ற எழுத்தாளர், பேச்சை இழந்த ஒருவர் தேவாலயப் பாடல்களைத் தெளிவாகப் பாடியதைப் பதிவு செய்திருக்கிறார்.

ஆனால் பாட முடிந்ததனால் மட்டும் அந்நோயாளர்க்கு என்ன பயன்? பாடி முடித்தபின் மீண்டும் அவர் பேச இயலாதவராகவே இருக்கிறார். பாடும் ஆற்றல் எஞ்சியிருக்கிறது என்ற உண்மையைக் கொண்டு, தண்ணீர் கேட்கும் ஆற்றலை அவருக்கு மீட்டுத்தர முடியுமா என்பதே கேள்வி. இசை இன்பம் தருவது என்பது ஒன்று. இசை சிகிச்சையாவது என்பது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையிலுள்ள தொலைவைக் காட்டுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

எது இசைச் சிகிச்சை?

மருத்துவமனையின் காத்திருப்புக் கூடத்தில் ஒலிபெருக்கி வைத்து வீணையிசை ஒலிபரப்புவது நல்ல செயல்தான். எனினும் அது இசைச் சிகிச்சை ஆகாது. அறுவைச் சிகிச்சைக்குக் காத்திருப்பவரின் காதில் செவிலியர் ஒருவர் ஒலிவாங்கிக் கேட்கும் கருவியைப் பொருத்தி, அவருக்குப் பிடித்த பாடலைக் கேட்கச் செய்வது இன்னும் ஒருபடி மேலானது. இதனை மருத்துவத்தில் இசையைப் பயன்படுத்துதல் என்று அறிஞர் தனியே வகைப்படுத்துவர். இசைச் சிகிச்சை என்ற பெயருக்கு உரியதாக வேண்டுமாயின் இன்னும் சில கூறுகள் வேண்டும். பயிற்சி பெற்ற சிகிச்சையாளர் ஒருவர் இருத்தல் வேண்டும். நோயாளரின் குறை இன்னது, இயன்றது இன்னது என்று அவர் முதலில் மதிப்பிட வேண்டும். எட்ட வேண்டிய இலக்கு முன்கூட்டியே எழுதப்பட வேண்டும். அவ்விலக்கு இசை பற்றியதன்று. நடை, பேச்சு, கவனம், வலி, அச்சம், பிறரோடு பழகுதல் போன்ற ஒன்றாகவே இருக்கும். சில வாரங்களுக்குப் பின் இலக்கு எட்டப்பட்டதா என்று அளந்து பார்த்தலும் வேண்டும். இவற்றோடு, சிகிச்சையாளருக்கும் நோயாளருக்கும் இடையே இசை வழியாக உருவாகும் உறவும் சிகிச்சையின் ஒரு பகுதியே.

நோயாளர் பாடத் தெரிந்தவராக இருக்க வேண்டியதில்லை. சுருதி சேராத குரலும் போதும். இசையைக் கேட்டல், அறிந்த பாடலைப் பாடுதல் அல்லது வாசித்தல், முன்னேற்பாடின்றி உடனுக்குடன் ஒலியெழுப்பி உரையாடுதல், புதிய பாட்டைப் புனைதல் ஆகிய நான்கு வழிகளில் சிகிச்சை நடைபெறுகிறது. பறையைத் தட்டத் தெரிந்த கை, அம்மானைப் பாட்டு நினைவிலுள்ள நெஞ்சு, தாலாட்டுக் கேட்ட செவி ஆகிய எதையும் சிகிச்சையாளர் பயன்படுத்திக்கொள்வார்.

பண்டைச் சான்றுகள்

இசைக்கும் நோய்க்கும் உள்ள தொடர்பு உலகெங்கும் பழமையானது. விவிலியத்தின் பழைய ஏற்பாட்டில், சவுல் மன்னனின் மனக்கலக்கத்தைத் தாவீது யாழ் மீட்டித் தணித்த செய்தி வருகிறது. நமது நாட்டில் சரக சம்ஹிதை, மருத்துவ இல்லம் ஒன்றை அமைக்கும் முறையைச் சூத்திரஸ்தானத்தில் கூறும்போது, மருந்து, கருவி, உணவு, பணியாளர் ஆகியவற்றோடு பாடுவதிலும் வாத்தியம் இசைப்பதிலும் கதை கூறுவதிலும் வல்லவர்களும் அங்கு இருக்க வேண்டும் என்கிறது. மருத்துவமனைக்கு வேண்டிய பணியாளர் பட்டியலில் பாடகர் இடம்பெற்ற காலம் ஒன்று இந்நாட்டில் இருந்தது என்பதை நிர்வாகத் துறையினர் கவனிக்கலாம்.

13ஆம் நூற்றாண்டில் தேவகிரி யாதவ மன்னரின் அவையில் வாழ்ந்த சார்ங்கதேவரின் ‘சங்கீத ரத்னாகரம்’ இந்திய இசையின் ஆதார நூல்களுள் ஒன்று. காஷ்மீரத்திலிருந்து தெற்கே வந்த குடும்பம் அவருடையது. மருத்துவமும் அக்குடும்பத்தின் கலை. அதனால்தானோ என்னவோ, சுரங்களைப் பற்றிப் பேசத் தொடங்குமுன் மனித உடல் கருவில் எவ்வாறு உருவாகிறது என்பதை அந்நூல் விரிவாகக் கூறுகிறது. நாதம் பிறப்பது உடலில்; ஆகவே உடலை அறியாமல் நாதத்தை அறிய முடியாது என்பது அதன் முறைமை.

சங்க இலக்கியத்திலும் தெளிவான காட்சிகள் உண்டு. போரில் புண்பட்டு வந்த வீரனின் மனையில் இரவ மரத்தின் தழையையும் வேப்பிலையையும் செருகி, யாழும் பிற கருவிகளும் ஒலிக்க, வெண்சிறுகடுகு தூவி, ஆம்பற்குழல் ஊதி, மணியடித்து, காஞ்சிப் பண் பாடிப் பெண்கள் அவனைக் காத்ததைப் புறநானூற்றின் 281ஆம் பாடல் காட்டுகிறது. புலி பாய்ந்து கிழித்த கணவரின் மார்புப் புண் தணியக் குறவர் மகளிர் பாடிய பாடலைப் பற்றி மலைபடுகடாம் பேசுகிறது. தீய ஆவிகள் புண்பட்டவரை அணுகாமல் காப்பது அவர்களது நோக்கம். அந்நம்பிக்கையை இன்று நாம் ஏற்க வேண்டியதில்லை. ஆயினும் வலியோடு இரவு முழுவதும் தனித்துக் கிடக்கவிடாமல், அறிந்த குரலும் அறிந்த பண்ணும் அவனைச் சூழ்ந்திருக்கச் செய்தார்கள். இன்றைய தீவிர சிகிச்சைப் பிரிவில் நோயாளர் கேட்பது பெரும்பாலும் கருவிகளின் எச்சரிக்கை ஒலியைத்தான்.

துருக்கியின் எதிர்னே நகரில் 1488இல் கட்டி முடிக்கப்பட்ட இரண்டாம் பாயசீது சுல்தானின் மருத்துவமனையில், இசைக்கலைஞர் குழு ஒன்று வாரத்தில் மூன்று நாள் மனநோயாளருக்காக இசைத்ததாக 17ஆம் நூற்றாண்டுப் பயணி எவ்லியா செலெபி எழுதியுள்ளார். 19ஆம் நூற்றாண்டின் நடுவில் செவிலியர் பணி குறித்து எழுதிய பிளாரன்ஸ் நைட்டிங்கேல் அம்மையார், தொடர்ந்து ஒலிக்கும் காற்றுக் கருவிகளும் குரலும் நோயாளர்க்கு இதம் தருகின்றன என்றார். அதே இடத்தில், இதற்காகும் செலவு காரணமாக எல்லா மருத்துவமனைகளிலும் இதனைப் பயன்படுத்த இயலாது என்றும் குறிப்பிட்டார். செலவு பற்றிய அந்தக் கவலை இன்னும் நம்மை விட்டு நீங்கவில்லை.

ஒரு தொழிலாக வளர்ந்த வரலாறு

இரண்டு உலகப் போர்களிலும் உடலும் மனமும் சிதைந்து திரும்பிய போர்வீரர்கள் அமெரிக்க மருத்துவமனைகளை நிரப்பினர். அவர்களுக்காக வாசிக்கச் சென்ற இசைக்கலைஞர்கள், தாம் வாசிப்பது சிலரைத் தேற்றுவதையும் சிலரை மேலும் கலக்குவதையும் கண்டனர். நல்ல கலைஞராக இருந்தால் மட்டும் போதாது, நோயைப் பற்றிய அறிவும் வேண்டும் என்பது அங்குதான் உணரப்பட்டது. 1944இல் மிச்சிகன் மாநிலக் கல்லூரியில் இதற்கெனப் பட்டப் படிப்பு தொடங்கியது. 1950இல் அமெரிக்க தேசிய இசைச் சிகிச்சைச் சங்கம் நிறுவப்பட்டது. பிரிட்டனில் செல்லோ கலைஞரான ஜூலியட் ஆல்வின் 1958இல் ஒரு சங்கத்தைத் தோற்றுவித்தார். 1968இல் இலண்டன் கில்டுஹால் இசைப் பள்ளியில் அவர் பயிற்சி வகுப்பைத் தொடங்கினார். பால் நார்டாஃப் என்ற இசையமைப்பாளரும் கிளைவ் ராபின்ஸ் என்ற சிறப்புக் கல்வியாசிரியரும் 1959 முதல் மாற்றுத்திறன் கொண்ட குழந்தைகளோடு உடனுக்குடன் இசைத்துப் பழகும் முறையை உருவாக்கினர். குழந்தை அழுதால் அழுகையின் சுருதியிலேயே பியானோவை வாசித்து, குழந்தை மேசையைத் தட்டினால் அந்தத் தட்டலையே தாளமாகக் கொண்டு, அதன் வழியே சென்று அதனை அடைவது அம்முறை. 1985இல் இத்தாலியின் ஜெனோவா நகரில் உலக இசைச் சிகிச்சைக் கூட்டமைப்பு ஏற்பட்டது.

உடலில் நிகழ்வது என்ன?

ஒலி செவிப்பறையில் மோதி, உட்செவியில் மின்துடிப்பாக மாறி, செவி நரம்பின் வழியாக மூளையைச் சேர்கிறது. அங்கே அது ஓரிடத்தில் நின்றுவிடுவதில்லை. சுருதியையும் தாளத்தையும் பகுத்தறியும் பகுதிகள், உணர்ச்சிக்குரிய பகுதிகள், நினைவுக்குரிய பகுதிகள், உறுப்புகளை இயக்கும் பகுதிகள் எனப் பலவும் ஒருங்கே விழித்துக்கொள்கின்றன. மனம் உருகச் செய்யும் இசையைக் கேட்கும்போது மூளையில் டோபமைன் என்னும் வேதிப்பொருள் சுரப்பதைக் கனடாவின் மான்ட்ரியால் நகர ஆய்வாளர் 2011இல் படமெடுத்துக் காட்டினர். பசித்தவனுக்கு உணவு கிடைக்கும்போது சுரப்பதும் இப்பொருளே.

இசையின் வேகம் மூச்சையும் நாடித் துடிப்பையும் தன்வழியே இழுக்கிறது. இத்தாலியில் 2006இல் வெளியான ஓர் ஆய்வில், விரைந்த இசை மூச்சையும் இரத்த அழுத்தத்தையும் உயர்த்தியது. இசை எவ்வகையினது என்பதைவிட அதன் வேகமே முதன்மையாக இருந்தது. எதிர்பாராத விளைவு ஒன்றும் தெரியவந்தது. இசைகளுக்கிடையே விடப்பட்ட இரண்டு நிமிட மௌனத்தில்தான் உடல் மிகுதியாக அமைதியுற்றது. அந்த ஆய்வில் பயன்படுத்தப்பட்ட இசைகளுள் இந்திய இராகம் ஒன்றும் இருந்தது. இடைவிடாது நாள்முழுதும் இசை ஒலிக்கச் செய்யும் மருத்துவமனைகள் இதனைக் கருத்தில் கொள்ள வேண்டும்.

பேச்சை மீட்டல்

தொடக்கத்தில் கூறிய நோயாளரிடம் மீண்டும் வருவோம். பெரும்பாலோருக்குப் பேச்சின் மையம் மூளையின் இடப்பாதியில் உள்ளது. அங்கே இரத்த ஓட்டம் தடைப்படும்போது பேச்சு நின்றுவிடுகிறது. பாடுவதில் வலப்பாதியும் பங்குகொள்வதால், அவ்வழி அடைபடாமல் இருக்கிறது. அமெரிக்காவின் பாஸ்டன் நகர ஆய்வாளர் ஆல்பர்ட், ஸ்பார்க்ஸ், ஹெல்ம் ஆகிய மூவரும் 1973இல் இவ்வுண்மையை அடிப்படையாகக் கொண்டு ஒரு பயிற்சி முறையை வெளியிட்டனர். இசைத்தொனிச் சிகிச்சை என்று அதனைத் தமிழில் அழைக்கலாம்.

முறை எளியதே, ஆனால் பொறுமை மிக வேண்டும். நாள்தோறும் தேவைப்படும் சிறு தொடர் ஒன்றை எடுத்துக்கொள்கிறார்கள். ‘தண்ணி வேணும்’ என்பது போதும். பேசும்போது குரல் இயல்பாக ஏறி இறங்கும் இடங்களைச் சற்றே மிகைப்படுத்தி, உயர்ந்தும் தாழ்ந்தும் ஒலிக்கும் இரண்டு சுரங்களில் அத்தொடரை அமைக்கிறார்கள். சிகிச்சையாளர் நோயாளரின் இடக் கையைப் பற்றி, அசைக்கு ஒரு தட்டாகத் தட்டிக்கொண்டே முதலில் சொல்லின்றி முனகிக் காட்டுகிறார். பின் இருவரும் சேர்ந்து பாடுகிறார்கள். அதன்பின் சிகிச்சையாளர் பாதியில் தம் குரலை மெல்லக் குறைத்து நிறுத்திவிட, நோயாளர் தனியே முடிக்கிறார். அடுத்து அவர் கேட்டதைத் திருப்பிச் சொல்கிறார். ‘என்ன வேணும்?’ என்ற வினாவிற்கு விடையாகச் சொல்லும் நிலை இறுதியில் வருகிறது. நாட்கள் செல்லச் செல்ல இராகம் கரைந்து, பேச்சின் இயல்பான தொனி மட்டும் எஞ்சுகிறது. இதற்கு வாரக்கணக்கில், சிலருக்கு மாதக்கணக்கில் ஆகும். பொருளை உணரும் ஆற்றல் ஓரளவு எஞ்சியிருப்பவர்க்கே இது பயன்தரும். எல்லா வகைப் பேச்சிழப்பிற்கும் இது ஏற்றதன்று.

இதனை விளக்கும் கொள்கையில் இன்னும் கருத்து வேற்றுமை உண்டு. 2011இல் ஜெர்மானிய ஆய்வாளர் சிலர், உதவி செய்வது சுரத்தைவிடத் தாளமே என்றும், நன்கு பழகிய தொடர்களாக இருப்பதே முதன்மை என்றும் வாதிட்டனர். தாளமே முதன்மை என்றால் நம் நாட்டிற்கு அது நல்ல செய்தியாகும். இசைப் பயிற்சி இல்லாத செவிலியரும் கைத்தாளம் போடுவதைக் கற்றுக்கொள்ள முடியும்.

இங்கே ஒரு குறிப்பு. இம்முறை ஆங்கிலத்திற்காக உருவானது. ஆங்கிலச் சொல்லின் அழுத்தம் விழும் முறை வேறு. இந்திய மொழிகளின் தொனி வேறு. ஆதலால் வங்காளத்திற்கும் இந்திக்கும் தெலுங்கிற்கும் தமிழுக்கும் தனித்தனியே தொடர்களைத் தேர்ந்து, தொனியை வரையறுத்துப் பட்டியலிட வேண்டியுள்ளது. அத்தொடர்கள் நூல்வழக்கில் அமையாமல் நோயாளரின் வீட்டில் வழங்கும் பேச்சு வழக்கிலேயே அமைய வேண்டும். மொழியியல் துறையினரும் பேச்சுப் பயிற்சியாளரும் இசையாசிரியரும் ஒருங்கே அமர்ந்து செய்ய வேண்டிய பணி இது. மாணவர்கள் நல்ல ஆய்வுப் பொருள் தேடி அலைய வேண்டியதில்லை.

நடையை மீட்டல்

பார்க்கின்சன் நோய் எனப்படும் நடுக்குவாதம் உடையவர்கள் நடக்கும்போது திடீரெனக் கால் தரையில் ஒட்டிக்கொண்டது போல நின்றுவிடுவர். அடிகள் சிறுத்துவிடும். மூளையின் ஆழத்திலுள்ள அடித்தள நரம்புத் திரள்கள், உள்ளிருந்து கணக்கிட்டுக் கொடுக்க வேண்டிய தாளத்தைக் கொடுக்கத் தவறுவதே காரணம். உள்ளிருந்து வராத தாளத்தை வெளியிலிருந்து கொடுத்தால் என்ன? மைக்கேல் தாவுட் என்பாரும் அவருடைய கூட்டாளிகளும் 1996இல் வெளியிட்ட ஆய்வில், நோயாளரின் இயல்பான நடைக்கேற்ற தாளத்தில் இசையை ஒலிக்கவிட்டு, நாளும் நடக்கப் பழக்கினர். மூன்று வாரங்களில் நடையின் வேகம் சுமார் 25 சதவிகிதம் கூடியது. அடியின் நீளமும் கூடியது. பக்கவாதத்தால் நடை குலைந்தவர்களுக்கும் இம்முறை பயன்படுகிறது.

மருந்தை இது நீக்கிவிடுவதில்லை. நோயையும் தடுத்து நிறுத்துவதில்லை. ஆனால் வீட்டிலிருந்து தெருமுனை வரை ஒருவர் துணையின்றி நடந்துவர முடிகிறது. அதற்கு வேண்டிய கருவி மெட்ரோனோம் என்னும் தாளங்காட்டி. அது இல்லாவிடில் கைபேசி போதும். அதுவும் இல்லாவிடில் பேரக்குழந்தையின் கைத்தட்டல் போதும். விழுந்துவிடாமல் பார்த்துக்கொள்ள ஒருவர் உடனிருப்பது மட்டும் இன்றியமையாதது.

பிற துறைகளில் கண்ட பயன்கள்

அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் இசை கேட்டல் பற்றி நிகழ்ந்த 73 ஆய்வுகளை ஒன்றுதிரட்டிப் பார்த்த கட்டுரை 2015இல் ‘லான்செட்’ மருத்துவ இதழில் வந்தது. வலியும் அச்சமும் குறைந்தன. வலி நீக்கும் மருந்தின் தேவையும் குறைந்தது. பின்லாந்தில் 2008இல் வெளியான ஆய்வில், பக்கவாதம் கண்ட 60 நோயாளரை மூன்று பிரிவாக்கி, ஒரு பிரிவினர் நாள்தோறும் தாமே விரும்பித் தேர்ந்த இசையையும் மற்றொரு பிரிவினர் ஒலிநூலையும் கேட்கச் செய்தனர். இரண்டு மாதங்களில் நடந்திருந்த முன்னேற்றத்தை ஆறு மாதம் வரை தொடர்ந்து பார்த்தனர். இசை கேட்டவர்களிடம் சொல் நினைவும் கவனமும் மற்றவர்களைவிட நன்கு மீண்டன. இங்கே ‘தாமே விரும்பித் தேர்ந்த’ என்ற சொற்கள் கவனத்திற்குரியவை. மருத்துவர்க்குப் பிடித்த இசை நோயாளர்க்கு மருந்தாகிவிடுவதில்லை.

முதுமை மறதி நோயில் பெயர்களும் முகங்களும் மறைந்தபின்னும் இளமையில் கற்ற பாடல்கள் நெடுங்காலம் நிலைத்திருக்கின்றன. இந்தியாவில் 60 வயதிற்கு மேற்பட்டோரில் 7.4 சதவிகிதத்தினர் இந்நோயுடையவர் என 2023இல் வெளியான தேசிய அளவிலான மதிப்பீடு கூறுகிறது. அவர்களைப் பேணுவது பெரும்பாலும் வீட்டுப் பெண்களே. குளிக்க மறுக்கும் மாமியாரை ஒரு பழைய பாடலைப் பாடிக்கொண்டே கிணற்றடிக்கு அழைத்துச் செல்லும் மருமகள், தாம் செய்வதற்கு ஒரு பெயர் உண்டு என்பதை அறியமாட்டார்.

மதியிறுக்கம் உடைய குழந்தைகளைப் பொறுத்தவரை, எச்சரிக்கையோடு பேச வேண்டியுள்ளது. ஒன்பது நாடுகளைச் சேர்ந்த 364 குழந்தைகளிடம் நடந்த பெரிய ஆய்வின் முடிவு 2017இல் வெளியாயிற்று. உடனுக்குடன் இசைத்துப் பழகும் சிகிச்சையை ஐந்து மாதம் பெற்ற குழந்தைகளுக்கும், வழக்கமான கவனிப்பை மட்டும் பெற்ற குழந்தைகளுக்கும் இடையே நோயின் முதன்மைக் குறிகளில் குறிப்பிடத்தக்க வேறுபாடு காணப்படவில்லை. அதற்கு முன் நடந்த சிறிய ஆய்வுகள் பலவும் நம்பிக்கை தந்திருந்தன. இதனால் அச்சிகிச்சை பயனற்றது என்று முடிவு கட்டுவதும் சரியன்று; குழந்தையின் மகிழ்ச்சி, பெற்றோரோடு அதற்குள்ள உறவு ஆகியவை வேறு அளவுகோலால் அளக்கப்பட வேண்டியவை. ஆனால் குழந்தையை முற்றிலும் மாற்றிவிடுவோம் என்று சொல்லிப் பெற்றோரிடம் பணம் பெறுபவர்களை நம்ப வேண்டாம் என்று சொல்ல இந்த ஓர் ஆய்வு போதும்.

இராகப் பட்டியல்கள்

இன்ன நோய்க்கு இன்ன இராகம் என்று கூறும் பட்டியல்கள் நம் நாட்டில் நிறைய வழங்குகின்றன. ஆனந்தபைரவி இரத்த அழுத்தத்தைக் குறைக்கும், நீலாம்பரி உறக்கம் தரும், இன்னொன்று வயிற்றுநோயைத் தீர்க்கும் என்பன போன்றவை. முத்துசுவாமி தீட்சிதர், வயிற்று வலியால் துன்புற்ற தம் மாணவர் தம்பியப்பனுக்காக வியாழனைக் குறித்துக் கீர்த்தனை இயற்றினார் என்ற மரபுச் செய்தி பெரிதும் போற்றப்படுகிறது. பண்டிட் ஓம்காரநாத் தாக்கூர் பூரியா இராகம் பாடி முசோலினியை உறங்கச் செய்தார் என்ற கதையும் உண்டு. இவற்றை மரபாக மதிக்கலாம். சான்றாகக் கொள்ள முடியாது. வயலின் மேதை குன்னக்குடி வைத்தியநாதன் சென்னையில் இராக ஆராய்ச்சி மையம் அமைத்து இத்துறையில் மக்களின் ஆர்வத்தைத் தூண்டினார். ஆர்வத்தை அடுத்து வர வேண்டியது கட்டுப்பாடான சோதனை.

ஓர் இராகத்தைச் சோதிப்பதில் இடர்ப்பாடு ஒன்று உள்ளது. நீலாம்பரி என்பது ஆரோகண அவரோகணம் மட்டுமன்று. தாலாட்டோடு அதனைக் கேட்டு வளர்ந்த செவிக்கு அது உறக்கத்தின் ஒலி. மணிப்பூரில் பிறந்தவருக்கோ பஞ்சாபில் பிறந்தவருக்கோ அது வெறும் மெல்லிய இசையாகவே இருக்கலாம். உறக்கம் தந்தது இராகமா, வேகமா, பழக்கமா, பாடிய குரலா என்று பிரித்தறிய வேண்டும். அவ்வாறு பிரிக்காமல் வெளியிடப்படும் பட்டியல் மருந்துச் சீட்டைப்போலத் தோன்றி மக்களை ஏமாற்றுகிறது. இரத்த அழுத்த மாத்திரையை நிறுத்திவிட்டு ஒலிநாடாவை நம்பிய ஒருவருக்கு நேரும் தீங்கை எந்த இராகமும் ஈடு செய்யாது.

இத்தகைய மிகைக்கூற்று நமக்கு மட்டும் உரியதன்று. 1993இல் அமெரிக்காவில் 36 கல்லூரி மாணவர்கள் மோட்சார்ட்டின் இசையைப் பத்து நிமிடம் கேட்டபின் இடவுணர்வுத் தேர்வில் சற்று மிகுதியாக மதிப்பெண் பெற்றனர். அந்த விளைவு கால் மணி நேரம்கூட நீடிக்கவில்லை. ஆயினும் 1998இல் ஜார்ஜியா மாநில ஆளுநர், பிறக்கும் ஒவ்வொரு குழந்தைக்கும் இசைத்தட்டு வழங்க வரவுசெலவுத் திட்டத்தில் பணம் கேட்டார். பின்னர் நடந்த சோதனைகளில் அவ்விளைவு உறுதிப்படவில்லை. சிறிய ஆய்வொன்றைப் படித்துவிட்டுப் பெரிய திட்டம் தீட்டும் ஆர்வம் எந்த நாட்டு ஆட்சியாளரையும் விட்டுவைப்பதில்லை போலும்.

இசையால் தீங்கும் நேரலாம். மிகச் சிலருக்கு இசை கேட்பதே வலிப்பைத் தூண்டும். கிரிட்ச்லி என்ற ஆங்கில மருத்துவர் 1937இல் இதனை விவரித்தார். குறைமாதக் குழந்தைகள் இருக்கும் அறையில் ஒலி 45 டெசிபலைத் தாண்டலாகாது என்பது அமெரிக்கக் குழந்தை மருத்துவர் கழகத்தின் பரிந்துரை. அங்கே இசை என்ற பெயரில் ஒலியைக் கூட்டுவதைவிட, முதலில் கதவை ஓசையின்றிச் சாத்தப் பழகுவது நன்று. துயர நினைவைத் தூண்டும் ஒரு பாடல், மனச்சோர்வுற்றவரை மேலும் ஆழத்தில் தள்ளக்கூடும் என்பதையும் மறக்கலாகாது.

இந்தியாவில் செய்யத்தக்கன

2015–16இல் நடந்த தேசிய மனநல ஆய்வின்படி, நாட்டின் வயது வந்தோரில் 10.6 சதவிகிதத்தினர் ஏதேனும் ஒரு மனநலக் குறைபாட்டிற்கு உள்ளாகியிருந்தனர். அவர்களுள் பெரும்பாலோர் எவ்விதச் சிகிச்சையும் பெறாதவர்கள். 2016ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம் ஏற்றுக்கொண்ட 21 வகைக் குறைபாடுகளுள் மதியிறுக்கம், பேச்சு மற்றும் மொழிக் குறைபாடு, நடுக்குவாதம் ஆகியவை இடம்பெற்றுள்ளன. இம்மூன்றிலும் இசையின் பங்கு ஆராயப்பட்டிருப்பதை மேலே கண்டோம்.

பெங்களூரிலுள்ள தேசிய மனநல நரம்பறிவியல் நிறுவனத்தில் இசையறிதல் பற்றிய ஆய்வுக்கூடம் ஒன்று உள்ளது. புதுச்சேரியில் மருத்துவப் பல்கலைக்கழகம் ஒன்று இசைச் சிகிச்சைக்கெனத் தனி மையம் அமைத்துப் பாடம் நடத்துகிறது. ஆனால் நாடு முழுவதற்கும் பொதுவான பாடத்திட்டமோ, தகுதி பெற்றவரை மக்கள் அறிந்துகொள்ள உதவும் சட்டப்படியான தனிப் பதிவேடோ இல்லை. பிரிட்டனில் 1990களின் பிற்பகுதியிலேயே அரசுப் பதிவு வந்துவிட்டது. சில நாள் வகுப்பிற்குச் சென்று சான்றிதழ் பெற்றவரும், ஆண்டுக்கணக்கில் மருத்துவமனையில் பயின்றவரும் இங்கு ஒரே பெயர்ப் பலகையைத் தொங்கவிடலாம். இணை மருத்துவத் தொழில்களை ஒழுங்குபடுத்த 2021இல் நாடாளுமன்றம் சட்டம் இயற்றியுள்ளது. அதன்கீழ் அமைந்த ஆணையம் இத்தொழிலின் தகுதியை வரையறுத்தாலன்றி, ஏமாறுபவர் நோயாளரே.

புதிய கட்டடங்களோ விலையுயர்ந்த கருவிகளோ இதற்கு வேண்டியதில்லை. 1996இல் தொடங்கிய மாவட்ட மனநலத் திட்டமும், 2013இல் வந்த குழந்தைகள் நலத் திட்டத்தின்கீழ் அமைந்த மாவட்டத் தொடக்கநிலை இடையீட்டு மையங்களும் ஏற்கெனவே உள்ளன. அங்கே பணியாற்றும் இயன்முறை மருத்துவர்க்கும் பேச்சுப் பயிற்சியாளர்க்கும் தாளத்தோடு நடக்கப் பழக்குதல், தொனியோடு பேசப் பழக்குதல் ஆகிய இரண்டு முறைகளை மட்டும் முதலில் கற்பிக்கலாம். இவ்விரண்டிலும் முன்னேற்றத்தை அளப்பது எளிது. பத்து மீட்டர் நடக்க எத்தனை நொடி ஆயிற்று, எத்தனை தொடர்களைத் தானே சொன்னார் என்று ஒரு குறிப்பேட்டில் எழுதிவைத்தால் போதும். ஓராண்டு கழித்து அக்குறிப்பேடுகளை ஒப்பிட்டு, பயன் கண்ட மாவட்டங்களில் தொடர்வதா, பயன் காணாதவற்றில் நிறுத்துவதா என்று முடிவு செய்யலாம்.

பாடல்களைத் தேர்வதில் செவ்வியல் இசையோடு நின்றுவிடுதல் தவறு. சந்தால் முதியவர்க்குச் சந்தால் பாடலும், மராத்திய உழவர்க்கு அவருடைய ஓவிப் பாடலும், சென்னைத் துறைமுகத் தொழிலாளிக்கு அவர் விரும்பிய திரைப்படப் பாடலும் வேண்டும். அகில இந்திய வானொலியின் நிலையங்கள் பல பத்தாண்டுகளாகச் சேர்த்து வைத்துள்ள நாட்டுப்புறப் பாடல் ஒலிப்பதிவுகள் இதற்குப் பெரிதும் உதவக்கூடும். சுகாதாரத் துறை கேட்டால், வட்டாரந்தோறும் முதியோர் இளமையில் கேட்ட பாடல்களைத் தொகுத்து மருத்துவமனைகளுக்கு வழங்குவது கடினமன்று. நோயாளர் வந்து சேரும்போது நிரப்பப்படும் படிவத்தில் வயது, இரத்தப் பிரிவு, ஒவ்வாத மருந்து ஆகியவற்றிற்குக் கீழே, விரும்பும் பாடல் எது என்று கேட்க ஒரு வரி சேர்க்கலாம். பேச்சு நின்றபின் கேட்டால் அவரால் சொல்ல முடியாது. ஆதலால் உடன்வந்த மனைவியிடமோ மகனிடமோ அன்றே கேட்டுக் குறித்துக்கொள்வது நல்லது.